கம்பம் மாற்றி நட்ட மைதானம்

கிரவுண்டைக் காட்டுங்கன்னு கேக்கிய. காட்டுறேன், இப்பிடி வாங்க. அந்தக் கல்லுமேல கால் வைக்காண்டாம், பாசி, வழுக்கும். இங்க நின்னு நேரே தெக்க பாருங்க. ஒரு அலை எழும்பி வெள்ளையா உடையுதுல்லா? அதுக்கும் அங்கோடி கொஞ்சம் தள்ளி. அங்கதான் தெக்குக் கோல் கம்பம் நின்னுச்சு. போட்டோ எடுக்கணுமா? எடுங்க தம்பி. ஆனா கடலுதான் விழும்.

கால்பந்துச் சங்கத்துக்க மலருக்கு எழுத வந்திருக்கேன்னு சொன்னிய. நல்லது. அப்போ ஒழுங்கா எழுதிக்கிடுங்க. ஏன்னா இதுக்க கதையை ஊருல ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுவானுவ. எனக்க பேரு எரோணிமூஸ். எரோணின்னு கேட்டா இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும். பூவரசந்துறை புனித மிக்கேல் கால்பந்துக் கழகத்துக்கு இருபத்திரெண்டு வருசம் செயலாளரு. அதுக்கு முந்தி பதினாலு வருசம் ஸ்டாப்பர் பேக். எரோணியைத் தாண்டிப் போனவன் மொத்தம் ரெண்டே பேரு, ரெண்டு பேரும் இப்போ உயிரோட இல்லேன்னு பயலுவ பகடி சொல்லுவானுவ. இது எழுதாண்டாம். எழுதினாலும் தப்பில்ல.

எனக்க அப்பன் காலத்துல இங்க கிரவுண்டு கிடையாது. மணல் மேடும் தாழம்புதருந்தான். ஒரு தவக்காலம் முழுக்க, காலம்பற கடலுக்குப் போறது, சாயங்காலம் வந்து மேட்டை வெட்டிப் பள்ளத்துல போடுறது. வீட்டுக்கு ஒரு ஆளு. ஆணில்லாத வீட்டுல பொம்பளைய வந்து மண்ணு சுமந்தாவ. ஈஸ்டருக்கு அடுத்த நாளு பந்து உருண்டுச்சு. வடக்கே கோயில் ரோட்டுல ஒரு கோலு, தெக்கே கடலைப் பாத்து ஒரு கோலு. நூத்திப் பதினஞ்சு எட்டு நீளம். நானே எத்தனையோ தடவை எட்டு வச்சு அளந்திருக்கேன்.

ஆனா அப்போ வெறும் மணலு தம்பி. மணல்ல ஓடினா பத்து நிமிசத்துல கால் செத்துப் போவும். புல்லு கொண்டு வந்தது நான். இதை எழுதணும். நான் செயலாளரா வந்த ரெண்டாம் வருசம் பக்கத்துக் குளம் வத்திச்சு. ஊரைக் கூட்டி, குளத்து மண்ணைக் கொண்டுவந்து முழங்காலுக்குப் பாதி உயரம் பரப்பி, அருகம்புல்லை ஒவ்வொரு கொத்தா நட்டோம். உப்புக் காத்துல புல்லு நிக்காதுன்னாவ. நிக்க வச்சேன். கடல்லேருந்து வந்தா சாப்பிட மாட்டேன், நேரே கிரவுண்டுதான். கிணத்துல மோட்டார் போட்டு, ஓஸைப் பிடிச்சுட்டு நிப்பேன். எனக்க பெண்டாட்டி கார்மேல் சொல்லுவா, "நமக்கு மூணு பிள்ளை இல்ல, நாலு. மூத்தது அந்தப் புல்லு"ன்னு. இந்தக் கடற்கரையில பச்சைக் கிரவுண்டு வேற எங்க இருந்துச்சு, சொல்லுங்க பாப்போம்.

சிலுவையைப் பத்திச் சொல்லாம இதைச் சொல்ல முடியாது. மரியசிலுவை. கார்மேலுக்க அண்ணன், எனக்கு அளியன். அதுக்கும் முந்தியே கூட்டாளி. நான் பின்னால ஸ்டாப்பரு, அவன் முன்னால லெஃப்ட் விங்கு. நான் நீட்டி அடிச்சா பந்து விழுற இடத்துல அவன் நிப்பான். எப்பிடிலேன்னு ஒரு நாளு கேட்டேன். "நீ நீளமா அடிக்கதுக்கு முந்தி மூக்கை உறிஞ்சுவ. அந்தச் சத்தம் கேட்டதும் ஓடிருவேன்"னான். கேட்டியளா? எனக்கே தெரியாது அது.

அவனுக்க வீடு கிரவுண்டை ஒட்டித்தான். நடுக்கோட்டுக்கு நேரே மேக்கால. அந்தப் பக்கம் த்ரோ எடுக்கிறவன் அவன் வீட்டு நடையில ஒரு காலை வச்சுத்தான் எடுப்பான். ஓடு போட்ட வீடு. பந்து விழுந்து எத்தனை ஓடு உடைஞ்சிருக்கும்! அவன் ஒரு வார்த்தை சொன்னதில்ல.

எட்டு வருசத்துக்கு முந்தி, மாசி மாசக் கடைசி. அதுக்கு முன்னாலேயே கடலு கொஞ்சம் கொஞ்சமா ஏறத் தொடங்கியாச்சு. தெக்குக் கோலுக்கும் தண்ணிக்கும் நடுவுல கரமடி வலை இழுக்க நூறு பேரு நிப்போம், அவ்வளவு மணலு கெடந்த இடம். அந்த வருசம் அம்பது அடி கூட இல்ல. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா கடலு ஏறும், இறங்கும். ஆடியில எடுத்ததை மார்கழியில கொண்டுவந்து போடும். அப்பன் காலத்துல இருந்து அப்பிடித்தானே?

பங்குச் சாமியாரு ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்தாரு. சின்ன வயசு, கண்ணாடி போட்டவரு. கையில படம். நம்ம ஊருக்கு ரெண்டு தூண்டில் வளைவு வருதாம். கடலுக்குள்ள வளைஞ்சு போற மாதிரி பாறாங்கல்லைப் போட்டு ஒரு வரப்பு, அதான் தூண்டில் வளைவு. அது அலையை உடைக்கும், மணலைப் பிடிச்சு வைக்கும். நல்ல காரியந்தானே? நானும் நல்லதுன்னுதான் சொன்னேன்.

பொறவு அவரு கிரவுண்டைச் சுத்திப் பாத்துட்டுச் சொல்லுதாரு, "கல்லு இறக்க வேற இடமே இல்ல. இங்கதான் இறக்கணும். மைதானம் கழகத்துப் பேருல இருக்கு. ஆட்சேபணை இல்லேன்னு செயலாளர் ஒரு கையெழுத்துப் போடணும்."

"எத்தனை நாளு கெடக்கும் கல்லு?"

"ஒரு ஆறு மாசம்."

ஆறு மாசம்! யானை யானையா பாறை, ஒவ்வொண்ணும் எத்தனை டன்னோ, லாரி உள்ள வந்து திரும்பி வெளிய போவணும். புல்லுல ஒரு கொத்து மிஞ்சுமா? அதுவும் எந்த வருசம்? எங்க ஈஸ்டர் டோர்னமெண்டுக்கு இருபத்தஞ்சாவது வருசம். பதினாறு டீமு. நோட்டீஸ் அடிச்சாச்சு. கேரளாவுல இருந்து மூணு டீமு வாறோம்னு எழுதியாச்சு.

நான் வேண்டாம்னு சொல்லல்ல. இதை நல்லா எழுதிக்கிடுங்க. நான் வேண்டாம்னு சொல்லவே இல்ல. நாப்பது நாளு பொறுங்கன்னுதான் சொன்னேன். ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டாம் ஞாயிறு பைனல். திங்கக்கிழமை காலம்பற லாரி வரட்டும், நானே முன்னால நின்னு வழி காட்டுதேன்னேன். அவரு கண்ணாடியைக் கழத்தித் துடைச்சாரு. "பங்குனி முடியுறதுக்குள்ள வேலை தொடங்கணும் ஐயா. இல்லேன்னா இது அடுத்த ஊருக்குப் போயிரும். அங்க போட்டு, இங்க போடல்லேன்னா இங்க கடல் கூடுதலா ஏறும்"னாரு. பயமுறுத்துறாருன்னு நெனச்சேன். சர்க்கார் ஆளு அப்பிடித்தானே பேசுவாவ?

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஊர்க்கூட்டம். சாமியாரு பேசினாரு. நான் பேசினேன். சிலுவை எழும்பினான். அவன் கூட்டத்துல பேசி நான் பாத்ததே இல்ல.

"அளியா, கையெழுத்துப் போடு"ன்னான்.

"உனக்குமா லே அந்தப் புல்லு வேண்டாம்? நீ ஓடின கிரவுண்டு லே"ன்னேன்.

"ஓடினேன். இப்போ அதுக்குப் பக்கத்துல படுக்கேன். கடல் சத்தம் முன்ன மாதிரி இல்ல. தரைக்கு அடியில கேக்கு. கையெழுத்துப் போடு."

நான் சொன்னேன், "ஒரு ஆளுக்க வீட்டுக்காவ ஊருக்க மானத்தை விடச் சொல்லுதியா?" இளவட்டப் பயலுவ கை தட்டினானுவ. நாப்பது நாளு பொறுக்கணும்ங்கிறவனைச் சாமியாரு கை தூக்கச் சொன்னாரு. எண்ணிப் பாக்க வேண்டிய தேவையே இல்ல. நான் மட்டுமா தூக்கினேன்? ஊரே தூக்கிச்சு. அதுக்கு முந்தின நாளு சாயங்காலம் நான் பயலுவ ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போய்ப் பேசினது உண்டு. அது செயலாளருக்க வேலைதானே? அது எழுதாண்டாம்.

நாப்பது நாளு பொறுக்கணும்னு இன்ஜினியருக்கு எழுதிக் குடுத்தேன். அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பத்தாம் நாளு காலையில பத்து மணி இருக்கும், கோயில் ரோட்டுல பதினோரு லாரி வரிசையா நிக்கி. கல்லோட. சாமியாரு வரச் சொல்லியிருக்காரு. "எரோணி, வடக்குக் கோல் பக்கம் ஒரு மூலையில மட்டும் இறக்கட்டும். பாதிக் கிரவுண்டுல விளையாடுங்க"ன்னாரு. பாதிக் கிரவுண்டுல பதினாறு டீமா? நான் பயலுவளை விளிச்சு பந்தோட உள்ள இறக்கினேன். பிராக்டீஸ் நடக்கு. பிள்ளைய ஓடிட்டு நிக்கும்போ லாரி எப்பிடி உள்ள வரும்?

அப்போ சிலுவை வந்தான். வடக்கு வாசல்ல ஒரு இரும்புப் படலு இருந்துச்சு, அதைத் திறந்தான். நான் போய் அடைச்சேன். அவன் திறந்தான். நான் அடைச்சேன். மறுபடியும் திறந்தான். நான் அடைச்சு, படலுல முதுகைச் சாய்ச்சு நின்னேன். லாரிக்காரனுவ எறங்கி நின்னு வேடிக்கை பாக்கானுவ. ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது. ஒரே பிளேட்டுல சோறு தின்னவனுவ தம்பி நாங்க. அவன் கையை எடுத்தான்.

"சரி அளியா. உனக்க கிரவுண்டு"ன்னான்.

நம்ம கிரவுண்டுன்னுல்லா சொல்லணும்? அது எனக்கு மனசுல பட்டுச்சு. இன்னைக்கும் படுது.

மதியத்துக்குள்ள லாரி எல்லாம் திரும்பிப் போச்சு. மணியந்துறைக்கு. அடுத்த ஊரு, ரெண்டு கிலோமீட்டரு. கார்மேல் மீன் கூடையோட ரோட்டோரம் நின்னவ, "கல்லு வந்த வழியே போவுதே"ன்னா. போவட்டும் டீன்னேன்.

அந்த டோர்னமெண்டு மாதிரி ஒண்ணு இந்த ஜில்லாவுல நடந்ததில்ல. இதை ஒரு பக்கம் முழுக்க எழுதுங்க. தெங்குல ஏறி இருந்து பாத்தாவ. கோயில் மதில்ல இடமில்ல. பைனல்ல யாரு, மணியந்துறை. முதல் பாதியில அவனுவ ஒண்ணு போட்டானுவ. ரெண்டாம் பாதியில நம்ம ததேயுக்க மகன் தலையால முட்டி ஒண்ணு. கடைசி நாலு நிமிசம் இருக்கும்போ வலப்பக்கம் இருந்து ஒரு கிராஸ், பந்து புல்லுல ஒரு குத்து குத்தி எழும்பிச்சு பாருங்க, மணல்ல அப்பிடி எழும்பாது, நம்ம புல்லுல மட்டுந்தான் எழும்பும். உள்ள! ரெண்டுக்கு ஒண்ணு. கப்பைத் தலைக்கு மேல தூக்கிட்டு ஊரைச் சுத்தி வந்தோம். சிலுவைக்க வீட்டு நடையிலயும் ஆளு, மதில்லயும் ஆளு. அவனுக்க கதவு மட்டும் அடைச்சுக் கெடந்துச்சு. கதவைத் தட்டினேன். திறக்கல்ல. பாயாசம் குடுத்து அனுப்பினேன். அது திரும்பி வந்துச்சு.

மணியந்துறையில அதுக்குள்ள ஒரு வரப்பைப் போட்டு, ரெண்டாவதையும் தொடங்கிட்டானுவ.

ஆனி பிறந்துச்சு. ஒரு செவ்வாக்கிழமை, வெயிலு நல்லா அடிக்கு, மழையில்ல, காத்தில்ல. கடலு வந்து தெக்குக் கோலுக்க வலையைத் தொட்டுச்சு. பயலுவ சிரிச்சானுவ, "கோல்!"னு கத்தினானுவ. நானும் சிரிச்சேன். நாலாம் நாளு அந்தக் கம்பத்துக்க அடியில மண்ணு இல்ல. கம்பம் சரிஞ்சு நிக்கி. புடுங்கி எடுத்து இருபது எட்டு உள்ள நட்டோம். என்ன கெட்டுப் போச்சு? தொண்ணூத்தஞ்சு எட்டுலயும் பதினொரு பேரு விளையாடலாம். மார்கழியில மணலு திரும்பி வரும்னு சொன்னேன். வரல்ல. மார்கழி முழுக்க தெனமும் வந்து நின்னு பாத்தேன். மணலு மணியந்துறை வரைக்கும் வந்து நின்னுரும். வரப்பு பிடிச்சு வச்சிரும். இங்க வராது.

அடுத்த வருசம் எழுபத்தஞ்சு எட்டு. ஆளுக்கு ஏழு பேரா விளையாடினோம். நான் மனு எழுதினேன். கலெக்டரு ஆபீசு, மீன்வளத்துறை, எல்லா இடத்துக்கும் போனேன். எங்க போனாலும் ஒரு பைலை எடுத்துப் பாத்துட்டு, "உங்க ஊருல வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கியளே"ங்காவ. வேண்டாம்னு எழுதல்ல, நாப்பது நாளுன்னுதான் எழுதினேங்கேன். அந்த நாப்பது நாளைக் கண்ணால பாக்கிறதுக்கு ஒருத்தனுக்கும் நேரமில்ல. தென்னைத் தடியை நட்டு மணல் மூடையை அடுக்கினோம். பொம்பளைய சாக்குத் தைச்சாவ. ஒரு வாவுல, அதான் தம்பி அமாவாசை ஏத்தத்துல, அவ்வளவு மூடையும் ஒரே காலையில போச்சு. சாக்கு மட்டும் மிதந்துச்சு.

மூணாம் வருசம் ஆடி. அதைக் கேக்காண்டாம்.

கேக்காண்டாம்னு சொன்னாலும் நீங்க எழுத வந்த ஆளு, சொல்லித்தான் ஆவணும். மத்தியானம் ரெண்டு மணி. கடலு நடுக்கோட்டுக்கு வந்தாச்சு. நாங்க ஒரு பன்னெண்டு பேரு கோல் கம்பத்தைப் புடுங்கிட்டு நிக்கோம். அது சாதாரணக் கம்பம் இல்ல, கப்பலு உடைச்ச இடத்துல இருந்து வாங்கின பைப்பு, ஊரு சேந்து வாங்கினது. அது போச்சுன்னா வேற கிடைக்காது. அப்போ சிலுவைக்க வீட்டுல சத்தம் கேக்கு. தெக்குச் சுவரு வெடிச்சாச்சு. அவன் வெளிய வந்து கையை ஆட்டுதான். "நாலு பேரு வாங்கலே, பெட்டியையும் கட்டிலையும் எடுக்கணும்"னு கத்துதான்.

நான் சொன்னேன், "ஒரு நிமிசம் அளியா, இந்தா இதை எடுத்துட்டு வந்திருதோம்."

ஒரு நிமிசந்தான் தம்பி. மாதா சத்தியமா ஒரு நிமிசத்துக்கு மேல இருக்காது. ரெண்டு கம்பத்தையும் எடுத்தாச்சு, குறுக்குப் பைப்பு மட்டும் மண்ணுல பாதி பொதைஞ்சு கெடக்கு, அதை எடுக்கோம். அவன் காத்து நிக்கல்ல. தனியா உள்ள போனான். கட்டிலை இழுத்திருக்கான். மேக்கூரையோட அந்தச் சுவரு உள்ளோடி விழுந்துச்சு.

ஓடினோம். ஓட்டை அள்ளி அள்ளி வீசினோம். ஆளு உயிரோட இருந்தான். இடுப்பெலும்பு போச்சு. நாலு மாசம் ஆஸ்பத்திரி. பொறவு கம்பு ஊணி நடக்கான். கடலுக்குப் போவ முடியாது, பந்தைப் பத்திச் சொல்லவே வேண்டாம். அவனைத் தூக்கிட்டுப் போகும்போ கார்மேல் ஓடி வந்தா. அண்ணனைப் பாத்தா. பொறவு என்னைப் பாத்தா. இல்ல, என்னையில்ல, எனக்க கையைப் பாத்தா. அந்தக் குறுக்குப் பைப்பு இன்னும் எனக்க கையிலதான் இருந்துச்சு. எதுக்கு அப்பிடிப் பாத்தான்னு எனக்கு இப்பவும் விளங்கல்ல. போட்டுட்டா ஓட முடியும்? கடலு கொண்டு போயிராதா?

அன்னையில இருந்து சிலுவை எனக்கிட்டப் பேசல்ல. அஞ்சு வருசம். ஆஸ்பத்திரிக்குப் போனேன், சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்தான். முதல்ல பள்ளிக்கூடத்துல தங்க வச்சாவ, பொறவு மணியந்துறைக்குப் பின்னால கட்டின காலனியில ஒரு வீடு குடுத்தாவ. அங்கயும் போனேன். அவனுக்க பெண்டாட்டி வாசல்லயே காப்பி தந்து அனுப்பினா. நான் அவனுக்கு என்ன செஞ்சேன்? நீங்களே சொல்லுங்க. கடலு செஞ்சதுக்கு என்கிட்ட கோவப்பட்டா? கார்மேல் வாரத்துக்கு மூணு நாளு அண்ணனுக்குக் கறி வச்சுக் கொண்டு போறா, பஸ் ஏறி. நான் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. அவ்வளவு மனசு எனக்கு உண்டு. அவ வீட்டுல எனக்கிட்டப் பேசத்தான் செய்யிதா. சோறு வைக்கட்டா, மருந்து குடிச்சியளா. அது போதாதா? வேற என்ன பேச?

நாலாம் வருசம் ஆளுக்கு அஞ்சு பேரு. அஞ்சாம் வருசம் ஓடுறதுக்கு இடமில்ல. ஆனா டோர்னமெண்டை நிப்பாட்டினா கழகம் செத்துப் போவும்லா? ஒரே ஒரு கோல் கம்பத்தைக் கோயில் ரோட்டோரமா நட்டு, பெனால்டி அடிக்கிற போட்டி மட்டும் வச்சோம். எட்டு டீமு வந்துச்சு. அடிக்கிறவன் ஓடி வரத் திரும்பினா முதுகுக்குப் பின்னால கடலு. ஒருத்தன் பின்னால எட்டு வச்சுப் போய் முட்டுவரை தண்ணியில நின்னு ஓடி வந்து அடிச்சான். எல்லாரும் சிரிச்சாவ. நான் மைக்குல பேரு விளிச்சுட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் மைக்கை வேற ஒருத்தன் கையில குடுத்தேன்.

ஆறாம் வருசம் ஒண்ணுமில்ல. ரோட்டுல பாதியும் போச்சு. அதுக்குப் பொறவு சர்க்காரு இந்தக் கல்லைக் கொண்டுவந்து ரோட்டோரமா கொட்டிச்சு. இப்போ நாம நிக்கோம்லா, இது. இதை அப்பவே கொட்டியிருந்தா? யாரு கேக்க? யாரையும் குத்தம் சொல்ல நான் ஆளில்ல. இன்ஜினியரு நாப்பது நாளு பொறுத்திருக்கலாம். சாமியாரு முந்தின வருசமே கூட்டியிருக்கலாம். கை தூக்கினவனுவ கொஞ்சம் யோசிச்சிருக்கலாம். பள்ளிக்கூடத்து சாரு ஒருத்தரு உலகம் பூரா கடலு ஏறுதுங்காரு. அப்போ நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்?

சரி, கடைசியா ஒண்ணு. இது மலருக்கு வேணுமா வேண்டாமான்னு நீங்க பாத்துக்கிடுங்க.

மணியந்துறையில வரப்புக்கு நடுவுல மணலு சேந்து சேந்து, முன்னால இல்லாத ஒரு பெரிய கடப்புறம் உண்டாயிருக்கு. அங்க அவனுவ கிரவுண்டு போட்டுட்டானுவ. போன மாசம் முதல் டோர்னமெண்டு. அவனுவளுக்க செயலாளரு ரெஜின்னு ஒரு பையன், மரியாதையுள்ள பிள்ளை, வீட்டுக்கு வந்து நோட்டீஸ் தந்தான். "மூத்த செயலாளர் நீங்க வந்து பந்தைத் தட்டி விடணும்"னான். நான் வரல்லேன்னுதான் சொன்னேன். கார்மேல் அடுக்களையில இருந்து, "போங்க. அங்க தெனமும் எனக்க அண்ணன் வந்து இருப்பான்"னா.

போனேன். மேடையில துண்டு போட்டாவ. பந்தைத் தட்டி விட்டேன். காலுக்கு அடியில மணலு. யாருக்க மணலு அது? ஒரு கை அள்ளிப் பாத்தேன். பக்கத்துல நின்ன ரெஜின், "என்ன ஐயா பாக்கிய?"ன்னான். "ஒண்ணுமில்ல மக்களே, நைசா இருக்கு"ன்னேன். வேற என்ன சொல்ல? மணலு பேசுமா, நான் இந்த ஊருக்காரன்னு?

களி, அதான் ஆட்டம், தொடங்கிச்சு. எனக்கு மேடையில இருப்புக் கொள்ளல்ல. எறங்கி கோட்டோரமா நடந்தேன். மேக்குப் பக்கம், நடுக்கோட்டுக்கு நேரே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில சிலுவை இருக்கான். மடியில கம்பு. தலை பூரா வெளுத்துப் போச்சு. நான் அவனுக்க முன்னால போய் நின்னேன்.

"அளியா"ன்னு விளிச்சேன்.

அவன் தலையை இப்பிடிச் சாய்ச்சு, எனக்க இடுப்புக்குப் பக்கத்துல கூடி அங்கோடி பாக்கான். லெஃப்ட் விங்குல ஒரு பையன் பந்தோட ஓடிட்டு இருந்தான். நான் இன்னும் ஒரு எட்டு கிட்டப் போனேன். "அளியா, நான் எரோணி."

"தள்ளி நில்லு. களி மறையுது"ன்னான்.

அஞ்சு வருசத்துக்குப் பொறவு அவன் எனக்கிட்டச் சொன்ன வார்த்தை. கோவமா சொல்லல்ல தம்பி, அதான் ஆச்சரியம். வழியில நிக்கிற யாருக்கிட்டயும் சொல்லுத மாதிரி சொன்னான். நான் தள்ளி நின்னேன். கடைசி விசில் அடிக்கது வரைக்கும் அங்கதான் நின்னேன். அவன் பக்கத்துல இன்னொரு நாற்காலி சும்மா கெடந்துச்சு. இருன்னு அவன் சொல்லல்ல.